மொத்தக் கொலஸ்ட்ரோல் சொல்லாத கணக்கு

இரத்தத்தில் உள்ள கொழுப்புகளின் அளவு பிறழ்வது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் எல்லா மக்களிடத்திலும் அது ஒரே விதமாகப் பிறழ்வதில்லை. வட ஐரோப்பியரிடத்தில் நெடுங்காலமாக எல்டிஎல் எனப்படும் கொலஸ்ட்ரோல் வகையின் உயர்வே முதன்மையான கேடாக இருந்து வந்தது. தெற்காசியரிடத்தில் எல்டிஎல் மிதமாகவே இருக்க, நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்டிஎல் தாழ்ந்தும், ட்ரைகிளிசரைட் என்ற வேறொரு வகைக் கொழுப்பு உயர்ந்தும் காணப்படுவது வழக்கம். ஆபிரிக்க வம்சாவளியினரிடத்தில் ட்ரைகிளிசரைட் பெரும்பாலும் குறைவு. ஆனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமக்கும் லைப்போபுரோட்டீன்-ஏ என்ற துகள் அவர்களிடம் அதிகம். மட்டக்களப்பில் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் பல காலமாகப் பணிபுரியும் எனக்கு, இந்த வேறுபாட்டை எங்கள் மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்குபவர்களில் மிகப் பலர் அதன் முதல் வரியை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த வரியில் இருப்பது மொத்தக் கொலஸ்ட்ரோல். எங்கள் மக்களைப் பொறுத்தவரை மிகக் குறைவாகச் செய்தி சொல்லும் எண் அதுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் செய்யும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் அறிக்கையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் டெசிலீற்றருக்கு 188 மில்லிகிராம், எச்டிஎல் 31, ட்ரைகிளிசரைட் 265, எல்டிஎல் 104. "இருநூறத் தாண்டல்லத்தானே தம்பி? அப்ப பயமில்லையே?" என்று அவர் கேட்டார். அறிக்கையைத் தருவது மட்டுமே என் வேலை, அதை விளக்குவது வைத்தியரின் பொறுப்பு. ஆயினும் அந்த நிம்மதியோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் 157 எஞ்சுகிறது. இரத்தக் குழாயின் சுவரில் படியக்கூடிய எல்லா வகைத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரோல், எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரோல் எனப்படும் இந்த மிச்சத்தில் அடங்கிவிடும். பொதுவாக அது 130-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. அவருடைய மொத்தம் 200-க்குள் அடங்கியதற்கு ஒரு காரணம், நன்மை பயப்பதாகக் கருதப்படும் எச்டிஎல் மிகவும் தாழ்ந்திருந்ததே ஆகும். அவருக்கு ஆறுதல் தந்த எண்ணை, கவலைப்பட வேண்டிய ஒரு குறையே அவ்வாறு குறைத்துக் காட்டியிருந்தது. அன்றே வைத்தியரைப் பார்க்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

எல்டிஎல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் அது நேரடியாக அளக்கப்படுவதில்லை. ஃப்ரீட்வால்ட் என்பவரும் அவரது சகாக்களும் 1972இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதே எல்டிஎல். ட்ரைகிளிசரைட் 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குக் கீழேயும், ட்ரைகிளிசரைட் ஏற ஏற, விடை உண்மையைவிடக் குறைந்து போகும் வாய்ப்பு உண்டு. சுழற்றி எடுத்த சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருப்பதற்குப் பதிலாகப் பால்போல் வெளுத்திருக்கும் மாதிரிகளை நாங்கள் காண்பதுண்டு. ட்ரைகிளிசரைட் உயர்வு அரிதாகவே காணப்படும் மக்களுக்கு இந்தச் சூத்திரம் நன்கு பொருந்தும். அதே உயர்வு அடிக்கடி காணப்படும் மக்களிடத்தில், மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது தளர்ந்துவிடுகிறது.

இந்தப் பிறழ்வு எப்படி உருவாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு சேரச் சேர இன்சுலினின் ஆணைக்கு உடல் பணிவது குறைகிறது. அப்போது கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பமிலங்கள் ஈரலுக்குப் பெருகி வருகின்றன. மிகுதியாக உண்ணும் மாச்சத்தையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. இவ்வாறு சேர்ந்ததை ட்ரைகிளிசரைட் நிறைந்த துகள்களாக அது இரத்தத்தில் அனுப்புகிறது. அந்தத் துகள்கள் தம்மிடமுள்ள ட்ரைகிளிசரைட்டை எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் கொடுத்து, அவற்றிலிருந்து கொலஸ்ட்ரோலைப் பெற்றுக்கொள்கின்றன. ட்ரைகிளிசரைட் ஏறிய எச்டிஎல் விரைவில் உடைந்து இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. எல்டிஎல் சுருங்கிச் சிறியதாகவும் அடர்த்தியானதாகவும் மாறுகிறது. ஆகவே ட்ரைகிளிசரைட் உயர்வும் எச்டிஎல் தாழ்வும் தனித்தனி நோய்களல்ல, ஒரே நிகழ்வின் இரு முகங்கள். ஒரே அளவு சுமையைப் பெரிய தோணிகள் சிலவற்றிலும் ஏற்றலாம், சிறிய தோணிகள் பலவற்றிலும் ஏற்றலாம். எல்டிஎல் என்ற எண் சுமையின் எடையைச் சொல்கிறதே தவிர, வாவியில் எத்தனை தோணிகள் ஓடுகின்றன என்பதைச் சொல்வதில்லை. குழாய்ச் சுவரில் புகுந்து தங்குவது துகள்களே என்பதால் அவற்றின் எண்ணிக்கையே முக்கியம். அவ்வாறு புகும் ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருப்பதால், அதை அளந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இதையே காட்டியது. முதன்முறையாக மாரடைப்பு ஏற்பட்டவர்களை ஏற்படாதவர்களோடு ஒப்பிட்டபோது, அப்போ-பி புரதத்துக்கும் எச்டிஎல்லில் உள்ள அப்போ-ஏ1 புரதத்துக்கும் இடையிலான விகிதமே எல்லா ஆபத்துக் காரணிகளிலும் வலுவானவற்றுள் ஒன்றாக நின்றது. இலங்கையும் இடம்பெற்ற அந்த ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. ஏனைய நாட்டவருக்கு அது ஏறத்தாழ 59. அதே ஆய்வின் தரவுகளில் ஆசியரின் எல்டிஎல் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவு குறைவாகவே இருந்தது. எல்டிஎல் குறைவாக இருந்தும் மாரடைப்பு ஆறாண்டுகள் முந்தி வருகிறது என்றால், அந்த ஒரு எண்ணைக் கொண்டே ஆபத்தை மதிப்பிடுவது எங்களுக்குப் போதாது என்பது தெளிவு. புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை இளவயதிலேயே தொடங்குவதும் இந்த முந்தலுக்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. எல்லாப் பழியையும் கொழுப்பின் மேலேயே போடுவது முறையாகாது.

இந்தியாவில் தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலும் சண்டிகரிலும் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நீரிழிவு ஆய்வின் எண்கள் இந்தத் தோற்றத்தைத் தெளிவாக வரைந்து காட்டுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ரோல் உயர்ந்திருந்தவர்கள் 13.9 சதவீதம். ட்ரைகிளிசரைட் உயர்ந்திருந்தவர்கள் 29.5 சதவீதம். எச்டிஎல் தாழ்ந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். கொலஸ்ட்ரோல் என்ற ஒரே பரிசோதனையைச் செய்துவிட்டு, இந்த மக்களில் ஏழில் ஒருவருக்குத்தான் குறை உண்டு என்று ஒருவர் முடிவு கட்டலாம். முழுப் பரிசோதனையும் செய்த இன்னொருவர், பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஒரு குறை உண்டு என்பார். இருவரும் அதே மக்களைத்தான் பார்த்திருப்பார்கள். எச்டிஎல்லின் எல்லை ஆண்களுக்கு 40 என்றும் பெண்களுக்கு 50 என்றும் வைக்கப்பட்டிருப்பதால், எச்டிஎல் தாழ்ந்த பெண்களின் விகிதம் இத்தகைய ஆய்வுகளில் கூடுதலாகவே தெரியும் என்பதையும் வாசிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். பேராசிரியர் பிரசாத் கட்டுலந்தவும் அவரது குழுவினரும் 2005, 2006 ஆண்டுகளில் நடத்திய இலங்கை நீரிழிவு, இதயநோய் ஆய்வு மிகவும் மதிக்கத்தக்க பணி. வளர்ந்தோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஒரு வகைக் கொழுப்புப் பிறழ்வு இருப்பதையும், அவற்றுள் எச்டிஎல் தாழ்வே மிகப் பரவலானது என்பதையும் அதிலிருந்தே அறிந்தோம். ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. அன்றைய நிலையில் ஆய்வாளர்களால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நான் குறை கூற வரவில்லை. ஆனாலும், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணங்களே விடுபட்ட ஓர் ஆய்வின் முடிவுகளை எங்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கும் பழக்கம் இன்றுவரை தொடர்வது எனக்கு வருத்தம் தருகிறது. பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்புகள் நடந்தன; அவை நாட்டின் சராசரியை அறிவதற்காகத் திட்டமிடப்பட்டவை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குள் வாழும் பல்வேறு மக்களைத் தனித்தனியே பார்க்கும் நோக்கம் அவற்றுக்கு இல்லை.

அப்படிப் பார்க்கத் தக்க வேறுபாடுகள் இங்கு ஏராளம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கடலோடும் மீனவரும், படுவான்கரையில் வயல் செய்பவரும், கல்முனையிலும் காத்தான்குடியிலும் நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருக்கும் வணிகரும், அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தில் குடியேறிய சிங்கள விவசாயக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரும், போர்த்துக்கேய, ஒல்லாந்த வம்சாவளியினரான நகரத்தின் பறங்கியரும் சில மணிநேரப் பயணத் தூரத்துக்குள் வாழ்கிறார்கள். தமிழர், முஸ்லிம் என்ற இரு பெயர்களின் கீழ் எங்களைப் பிரித்து எழுதுவது எளிது. ஆனால் கிழக்கில் இவ்விரு சமூகங்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்து கொண்டவை. ஒரே வகை நெல்லும் ஒரே வாவியின் மீனும் ஒரே தயிரும் இரு வீடுகளிலும் உண்ணப்படுகின்றன. என் மேசைக்கு வரும் இரத்த மாதிரிகளை வைத்துப் பொது முடிவு எதையும் சொல்ல இயலாது. வருத்தமோ அச்சமோ உள்ளவர்கள்தாம் பரிசோதனைக்கு வருகிறார்கள். எனினும் ஒருவர் எந்தச் சமூகத்தவர் என்பதைவிட, அவர் நாள் முழுவதும் நிற்கிறாரா அமர்ந்திருக்கிறாரா, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, சீனி வருத்தம் உண்டா என்பவையே அறிக்கையை முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன என்பது என் எண்ணம். வயலிலும்கூட அறுவடை இயந்திரம் வந்த பிறகு உடலுழைப்பு முன்போல் இல்லை.

பிறப்பால் வருவது எது, வாழ்வால் வருவது எது என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த விடை 1995இல் வெளியான ஓர் ஆய்வில் உள்ளது. மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபியரையும், பஞ்சாபிலேயே தங்கிவிட்ட அவர்களின் உடன்பிறப்புகளையும் அது ஒப்பிட்டது. லண்டனில் இருந்தவர்களின் உடல் எடையும் கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தன, எச்டிஎல் குறைந்திருந்தது. ஆனால் லைப்போபுரோட்டீன்-ஏ மட்டும் இரு இடங்களிலும் ஒரே அளவாகவும், ஐரோப்பியருடையதைவிட உயர்வாகவும் இருந்தது. அந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவோ நடையோ அதை அதிகம் மாற்றுவதில்லை. ஏனையவை வாழும் இடத்தோடு மாறிக்கொண்டே இருக்கின்றன. யப்பானில் வாழ்ந்த யப்பானியரையும், ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய யப்பானியரையும் ஒப்பிடும் ஆய்வொன்று 1965 அளவில் தொடங்கியது. கலிபோர்னியாவை நெருங்க நெருங்கக் கொலஸ்ட்ரோலும் இதயநோயும் ஏறிச் சென்றதை அது கண்டது.

எங்கள் வீடுகளிலும் உடன்பிறப்புகள் பாதிப்பேர் இங்கும் பாதிப்பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள் என்பதால் ஒரு நடைமுறைக் குறிப்பையும் சேர்க்கிறேன். அங்கே கொலஸ்ட்ரோலை மில்லிமோல் என்ற அலகில் தருகிறார்கள். "அண்ணனுக்கு ஐந்துதானாம், எனக்கு மட்டும் ஏன் நூற்றித் தொண்ணூறு?" என்று கலங்கியவர்களை நான் அறிவேன். கொலஸ்ட்ரோலை 38.67ஆல் பெருக்க வேண்டும். 5 என்பது 193க்குச் சமம். ட்ரைகிளிசரைட்டுக்குப் பெருக்கும் எண் வேறு, 88.6. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்திக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது.

உணவு என்று வந்தால் இங்கு எல்லோரும் முதலில் கேட்பது தேங்காயைப் பற்றித்தான். பிட்டும் பால்சொதியும் சம்பலும் இல்லாத காலை எங்கள் ஊரில் அரிது. பசுபிக் கடலின் இரு தீவுக் கூட்டங்களான புகாபுகாவிலும் டொக்கெலாவிலும் வாழ்ந்த மக்களைப் பற்றிய ஆய்வு 1981இல் வெளியானது. டொக்கெலா மக்கள் தம் உணவாற்றலில் 63 சதவீதத்தையும், புகாபுகா மக்கள் 34 சதவீதத்தையும் தேங்காயிலிருந்தே பெற்றார்கள். டொக்கெலாவினரின் கொலஸ்ட்ரோல் புகாபுகாவினருடையதைவிட 35 முதல் 40 மில்லிகிராம் கூடுதலாக இருந்தது. ஆனால் இரு தீவுகளிலும் இரத்தக் குழாய் நோய் அரிதாகவே இருந்தது. இந்த ஆய்வைத் தேங்காய்க்கு வழங்கப்பட்ட நற்சான்றாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. அது இரண்டு செய்திகளைச் சொல்கிறது: தேங்காய்க் கொழுப்பு கொலஸ்ட்ரோலை உயர்த்துகிறது, சீனி மிகக் குறைவாகவும் மீன் நிறைந்ததாகவும் உழைப்போடு கூடியதாகவும் உள்ள வாழ்வில் அந்த உயர்வு பெருங்கேடாக மாறவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடும், பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஏறத்தாழ 10 மில்லிகிராமும் எச்டிஎல்லை 4 மில்லிகிராமும் உயர்த்துகிறது என்றே காட்டியது. எங்கள் தட்டில் தேங்காயைவிட அதிகம் ஆராய வேண்டியவை, மூன்று வேளையும் மலையாகக் குவியும் தீட்டிய வெள்ளையரிசிச் சோறும், நாளொன்றுக்குப் பலமுறை குடிக்கும் சீனித் தேநீருமே என்பது என் உறுதியான கருத்து. ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் மதுவின் பங்கும் பெரிது; படுவான்கரையின் சில ஊர்களில் அதுவே முதல் காரணமாக இருக்கலாம்.

மக்களின் சராசரி எண்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் 1972இல் தொடங்கிய திட்டம், பெக்கா புஸ்கா என்ற வைத்தியரின் தலைமையில் வெண்ணெயும் கொழுப்புப் பாலும் மிகுந்த உணவு முறையை மாற்றியது. அம்மக்களின் கொலஸ்ட்ரோல் பெருமளவு இறங்கியது, நடுத்தர வயதினரின் இதயநோய் மரணங்களும் அதனோடு சேர்ந்து வீழ்ந்தன. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரோலை உலகளவில் ஆராய்ந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் அளவுகள் சேர்க்கப்பட்டிருந்தன. 1980இல் இந்த உயர்வின் மையம் மேற்கு ஐரோப்பாவில் இருந்தது. 2018க்குள் அது கிழக்காசியா, தென்கிழக்காசியா பக்கம் நகர்ந்துவிட்டது. "கொலஸ்ட்ரோல் வெள்ளைக்காரரின் வருத்தம்" என்று சொன்ன தலைமுறை பொய் சொல்லவில்லை. அந்தக் காலம்தான் போய்விட்டது.

மரபணுவின் பங்கை ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் ஆபிரிக்க வம்சாவளியினரில் 2.6 சதவீதத்தினரிடம் பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்திருப்பதையும், அவர்களின் எல்டிஎல் 28 சதவீதம் தாழ்ந்திருப்பதையும், இதயநோய் 88 சதவீதம் குறைந்திருப்பதையும் 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்தால் சில ஆண்டுகள் குறைப்பதைவிட, பிறந்த நாள் முதலே குறைந்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதை அது மெய்ப்பித்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் அதன் வழியே வந்தன. ஒரு மக்கட்குழுவில் கண்ட வேறுபாடு எல்லா மக்களுக்கும் மருந்தாகியது.

இதற்கு மறுபுறம் பரம்பரை மிகைக்கொலஸ்ட்ரோல். எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து ஈரலுக்குள் வாங்கும் ஏற்பி பழுதாகப் பிறப்பதே இதன் முதன்மைக் காரணம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கானர் சமூகத்தில் 70 முதல் 100 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. அவர்களின் முன்னோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் என்பதைப் படித்த பறங்கிய நண்பர் ஒருவர், தம் சமூகத்துக்கும் அந்த ஆபத்து உண்டா என்று கேட்டார். ஒல்லாந்தில் இந்நோய் உலகின் பிற இடங்களைவிட அவ்வளவு கூடுதலாக இல்லை. தென்னாபிரிக்காவில் குடியேறிய மிகச் சிலரில் தற்செயலாக இந்தப் பழுது இருந்து, அவர்களின் சந்ததி தமக்குள்ளேயே பெருகியதால்தான் அங்கு விகிதம் உயர்ந்தது. எனவே கவனிக்க வேண்டியது மக்கட்குழுவின் பெயரை அல்ல, அதன் திருமண வரலாற்றை. கிழக்கில் மாமன் மகளையும் மாமி மகளையும் மணப்பது பல சமூகங்களிலும் உள்ள வழக்கம். பெற்றோர் இருவரும் இந்தப் பழுதைச் சுமப்பவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பக்கமும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தகைய பிள்ளைக்குப் பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். எல்டிஎல் 190-ஐத் தாண்டிய அறிக்கையைக் காணும்போதெல்லாம் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கண்ணிமையோரம் மஞ்சள் படிவும், குதிகால் தசைநாணில் தடிப்பும் இருந்தால் அது இன்னும் அவசியம்.

எச்டிஎல் தாழ்வே எங்கள் அடையாளம் என்று கேட்டதும், அதை ஏற்றுவதற்கு என்ன மருந்து என்று தேடுவது தவறான வழி. பொலிவியாக் காடுகளில் வாழும் சிமானே மக்களின் இதயக் குழாய்களே இதுவரை ஆராயப்பட்டவற்றுள் மிகத் தூய்மையானவை என 2017இல் அறிவிக்கப்பட்டது. அவர்களின் சராசரி எச்டிஎல் வெறும் 39.5. ஆனால் எல்டிஎல்லும் 91 அளவிலேயே இருந்தது, அவர்கள் நாளின் பெரும்பகுதியை வேட்டையிலும் பயிர்ச்செய்கையிலும் கழிப்பவர்கள். எச்டிஎல்லை வெகுவாக ஏற்றிய டோர்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, அதை உட்கொண்டவர்களில் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எங்களிடத்தில் தாழ்ந்த எச்டிஎல் ஓர் அறிகுறி. அதன் பின்னால் நிற்கும், இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையையும் துகள்களின் பெருக்கத்தையும் கவனிப்பதே சிகிச்சை. தெற்காசியருக்கான இடுப்புச் சுற்றளவு எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதை வைத்து வீட்டிலேயே ஒரு தையல் நாடாவால் அளந்து பார்க்கலாம்.

நான் மிகவும் கவலையோடு நோக்கும் இடம் ஆபத்தை மதிப்பிடும் அட்டவணைகள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அட்டவணைகள் உலகை 21 பிரிவுகளாக்குகின்றன. இலங்கை அவற்றில் தென்கிழக்கு ஆசியாவோடு, அதாவது தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளோடு சேர்க்கப்பட்டிருக்கிறது, இந்தியாவோடு அல்ல. நாடுகளின் நோய்ப் போக்கையும் புவியியல் அண்மையையும் பார்த்துச் செய்த பிரிப்பு என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த அட்டவணையில் இடவேண்டிய ஆய்வுகூட எண் மொத்தக் கொலஸ்ட்ரோல் ஒன்றுதான்; எச்டிஎல்லும் ட்ரைகிளிசரைட்டும் அதில் இல்லை. நான் மேலே குறிப்பிட்ட 188 காரர் அந்தக் கட்டத்தில் சாதாரண மனிதராகவே தோன்றுவார். மாதவிடாய் நின்ற பிறகு எல்டிஎல் ஏறத் தொடங்கும் பெண்கள், அதுவரை தமக்குக் கொலஸ்ட்ரோல் இல்லையென்று சொல்லப்பட்டதையே நம்பிக்கொண்டிருப்பதையும் கிளினிக் வரிசைகளில் காண்கிறேன்.

மருந்தின் அளவிலும் மக்கட்குழு குறுக்கிடுகிறது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ரோசுவாஸ்டட்டின் என்ற மாத்திரையை ஒரே அளவில் கொடுத்தாலும், ஆசியரின் இரத்தத்தில் அது ஐரோப்பியரிடத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தங்குகிறது. ஆகவே ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கும்படி அமெரிக்க மருந்துக் குறிப்பேடு அறிவுறுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் 20, 40 மில்லிகிராம் மாத்திரைகளை வைத்தியரிடம் காட்டாமல் விழுங்குபவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். தசைகளில் காரணமில்லாத வலி தோன்றினால் உடனே சொல்ல வேண்டும்.

முழுப் பரிசோதனைக்கு வசதியில்லாத இடத்தில்கூட, மொத்தத்தோடு எச்டிஎல்லையும் சேர்த்து அளந்தால் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரோலை எவரும் கழித்துக் கண்டுவிடலாம். அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. முதற்பரிசோதனைக்குச் சாப்பிட்டு வந்தாலும் போதும் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2016இல் அறிவித்தது. உணவுக்குப் பின் ட்ரைகிளிசரைட் சராசரியாக 26 மில்லிகிராம் அளவே ஏறுகிறது. வாகரையிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, சீனி குறைந்து மயங்கும் முதியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவியாகும். ட்ரைகிளிசரைட் 400-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வரச் சொல்லலாம். லைப்போபுரோட்டீன்-ஏ அளவை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். தந்தையோ அண்ணனோ 55 வயதுக்கு முன்பும், தாயோ அக்காவோ 60 வயதுக்கு முன்பும் மாரடைப்புக்கு ஆளான குடும்பத்தினர், தம் மொத்தக் கொலஸ்ட்ரோல் எவ்வளவாக இருந்தாலும், இந்த லைப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.